பதினோரு நிமிடத்தில் எழும் கணினி

என் வீட்டுக் கணினி கண் விழிக்கப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து இணையப் பக்கம் திறந்து படிக்கிற நிலைக்கு வரும் நொடிவரை ஏழு நாள் அளந்து சராசரி எடுத்தேன். ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் சும்மா 'ரொம்ப ஸ்லோவா இருக்கு' என்று சொல்ல மாட்டான். தேதியும் நேரமும் இல்லாத புகாரை நான் யாரிடமும் வாங்கியதும் இல்லை.

கணினிக்கு வயது பதினான்கு. மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவள் இப்போது கடல் கடந்து வேறொரு நேரத்தில் வாழ்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் அழைத்து, "சாப்பிட்டீங்களாப்பா" என்று இரண்டு தடவை கேட்பாள். முதல் தடவை சொன்ன பதில் அவள் காதில் விழுந்திருக்காது. மனைவி இறந்து நான்கு வருஷமாகிறது. மதுரை நரிமேட்டில் இருக்கும் இந்த வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போடுவது ஃபிரிட்ஜும் கணினியும்தான். இரண்டில் கணினியின் சத்தத்தில்தான் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு.

இந்த வீட்டுக்கு வெள்ளி, ஞாயிறு தவிர தினமும் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். கோரிப்பாளையத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருந்த பாய். கடையை இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். இவர் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மகன்கள் தப்பாகச் செய்வதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதனால் நான் அவருக்கு அண்ணன்.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு மனு. அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, வெற்றிலை வியாபாரம் செய்த காலத்தில் சோழவந்தானில் நாலு சென்ட் இடம் வாங்கியிருந்தார். கைப்பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது யாரோ ஒரு தட்டச்சர் பட்டாவில் அத்தாவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். ஒரே எழுத்தில் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். "விடுங்கத்தா, நாலு சென்ட்டுக்குப் போயி" என்றார்கள் மகன்கள். இவர் விடவில்லை. இடம் போனால் போகிறது, அத்தா பெயர் தப்பாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. என் ஆபீசுக்கு அந்தக் காலத்தில் நடந்த பழக்கத்தில் என்னைத் தேடி வந்தார். இணையத்தில் மனுவை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதன் நிலையைத் தினமும் பார்ப்பது எங்கள் வேலை.

பொத்தானை அழுத்திவிட்டு உட்காருவோம்.

"என்னண்ணே, எந்திரிச்சிருச்சா?"

"இப்பத்தான் பல்லு வெளக்குது பாய்."

"எம்புட்டு நேரம்ணே வெளக்கும்? நம்ம சின்னவன் மாதிரியில்ல இருக்கு."

அந்தப் பதினோரு நிமிடத்தில் உலகத்தில் பேசாத விஷயம் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று அவருக்கு வந்த முட்டிவலி. எனக்குச் சர்க்கரை. தார்ப்பாய் விற்பனையை வைத்தே மழையைச் சொல்லும் அவருடைய சாஸ்திரம். "கெழக்க எம்புட்டு இடிச்சாலும் எழுமலைக்காரன் அசைய மாட்டான்ணே. அவன் ஊருப் பக்கம், மேக்க, ஒரு மின்னல் வெட்டட்டும், மறுநா மொத பஸ்ல வந்து கடை வாசல்ல நிப்பான். களத்துல கெடக்குற கடலை நனைஞ்சிரும்ல." நான் பதிலுக்கு வானிலை அறிக்கையைச் சொல்வேன். அவருடையதுதான் பலிக்கும்.

பிறகு பக்கம் திறக்கும். மனு எண்ணை அடிப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். எட்டு மாதமாக அதே இரண்டு சொல்.

"இருக்கட்டும்ணே. அது பாட்டுக்குப் பரிசீலிக்கட்டும். வாரேன்."

வாரேன் என்றால் போகிறேன் என்று பொருள். மதுரையில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை நான் அகராதிப்படியே எடுத்துக்கொள்வேன். மறுநாள் பத்து மணிவரை பொழுதை ஓட்ட அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள், ஒன்பதாவது நிமிடத்தில், அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஊருக்கே வழி சொன்ன ஆளு நீங்க. வீட்டுல இருக்குற இதுக்கு ஒரு வைத்தியம் பாக்கக்கூடாதாண்ணே?"

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது. எந்தக் காரியத்துக்கும் நடைமுறை தெரிந்தவன் என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே பதவி. அன்று மதியமே ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'பொருள்: கணினி தாமதமாகத் தொடங்குதல் – தொடர்பாக' என்று எழுதினேன்.

முதல் விதி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நாலு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்று கோப்பில் எழுத முடியாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போனேன். கணினி எழும்போதே கூட எழுந்துகொள்கிற புரோகிராம்களின் பட்டியல் அது. பத்தொன்பது பேர் இருந்தார்கள். எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் பத்தொன்பது, வேலை பார்ப்பவர்கள் மூன்று. ஆறு வருஷம் முன்னால் செத்துப்போன பிரிண்டரின் மை அளவைப் பார்க்க ஒருவர் தினமும் ஆஜராகிக்கொண்டிருந்தார். மகள் பாட்டுக் கேட்டதற்கு ஒருவர். இரண்டு வைரஸ் தடுப்புக்காரர்கள், வேறு திருடன் கிடைக்காமல் ஒருவரையொருவர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி போட்டுவைத்த தினசரிக் காலண்டர் ஒன்று, அன்றைய ராகு காலத்தைத் திரையின் மூலையில் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நாலு நொடிதான் எடுக்கிறது என்று கணக்குப் பார்த்து, அதை மட்டும் விட்டுவைத்தேன்.

ஒவ்வொருவராக நிறுத்தினேன். நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டு, நேரம் குறித்தேன்.

பாய்க்கு இது கிரிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. படியேறும்போதே கேட்பார்.

"இன்னைக்கு எம்புட்டுண்ணே?"

"ஒம்பதே கால்."

"ஆகா. நேத்து?"

"பத்து."

"கொறையுது, கொறையுது."

அவர் கைதட்டாத குறை. குறைவது என்னவென்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அடுத்தது கடிகாரம். கணினிக்குள் ஒரு சின்ன வில்லை பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கே போய்விடும். காலையில் கறுப்புத் திரையில் நின்றுகொண்டு, எஃப்1 அழுத்தச் சொல்லி அடம்பிடிக்கும். தேதி தப்பென்றால் இணையப் பக்கங்களும் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். இத்தனை நாளும் தினமும் தேதியைக் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பேட்டரியை மாற்றினேன்.

பாய் பழைய வில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தீந்துபோனாத் தெனமும் வயசு கொறையுமாண்ணே? நமக்கு இதுமாதிரி எதுவும் உள்ள இருக்கான்னு டாக்டர்ட்டக் கேளுங்க. கழட்டிப்புடலாம்."

அன்று ஏழரை நிமிடம். பிறகு தேவையில்லாத தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். டிஸ்கில் பழுது இருக்கிறதா என்று சோதிக்க விட்டேன். அது ஒரு முழுக் காலை ஓடி, பழுதில்லை என்று சான்றளித்தது. ஆறே கால். அதற்குக் கீழே இறங்க மறுத்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், தொடங்கிய நேரம் முழுக்க டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கியது. மற்றவையெல்லாம் அதன் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

நோட்டையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா என் நோட்டை இரண்டு பக்கம் புரட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இம்புட்டும் நீங்களே எழுதுனதா?"

"ஆமாம்மா."

"இம்புட்டும் செஞ்சிட்டீங்க. ஆனா இது சுத்துற டிஸ்க்கு சார். கெழடு. இத மாத்தாம நீங்க என்ன தொடச்சாலும் இதுக்கு மேல ஓடாது. எஸ்.எஸ்.டி.ன்னு சுத்தாத டிஸ்க்கு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுருவோம். உள்ள இருக்குறதெல்லாம் அப்பிடியே அதுல ஏத்தித் தந்துர்றேன்."

அவர் சொன்னது சரி. மறுநாள் மாலை எடுத்து வந்து, மேசையில் வைத்து இணைத்துப் போட்டேன். இருபத்து நான்கு நொடி. கடிகாரத்தைக் கழற்றிக்கூட முடிக்கவில்லை. நம்பாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நோட்டில் 'நடவடிக்கை முடிவுற்றது' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் பாய் வந்தார். வழக்கமான நாற்காலியை இழுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காரப்போனார். எனக்குப் பொறுமை இல்லை. பொத்தானை அழுத்தினேன். அவர் முழுசாக உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. மனு எண்ணை அடித்தேன். 'பரிசீலனையில் உள்ளது.'

அவர் பாதி உட்கார்ந்த நிலையிலேயே திரையைப் பார்த்தார்.

நான் நிமிர்ந்து, பெருமையாகச் சொன்னேன்: "பாத்தீங்களா? இனிமே நீங்க காத்திருக்க வேண்டியதில்ல பாய்."

அவர் நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளினார்.

"சரிங்க சார். ரொம்ப நல்லது. வாரேன்."

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நான் இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். இருபத்து மூன்று நொடி.

அடுத்த நாள் அவர் வரவில்லை. வெள்ளி வராத நாள். சனியும் வரவில்லை. முட்டிவலி என்று நினைத்தேன். திங்கள், செவ்வாயும் போனது. பத்து மணிக்குக் கணினியைப் போடுவேன். உடனே எழுந்து, என்ன வேண்டும் என்று முகத்துக்கு நேரே நிற்கும். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. ஒரு நாளில் இருபத்து நான்கு நொடி வேலை மட்டுமே மீதமிருக்கிறது என்பதை அது தினமும் காலையில் நிரூபித்துக் காட்டியது.

புதன்கிழமை, டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் என்னை 'சார்' என்று சொன்னது உறைத்தது. ஒரு நொடி கழித்து, அதற்கு முன்னால் நான் என்ன சொல்லியிருந்தேன் என்பதும் உறைத்தது.

ஆபீசில் அது எங்களுடைய வாக்கியம். மனுவை வாங்கி முத்திரை குத்திவிட்டுச் சொல்வோம்: 'நீங்க காத்திருக்க வேண்டியதில்ல. லெட்டர் வரும்.' லெட்டர் வராது என்பது சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். எழுந்து போ என்பதை மரியாதையாகச் சொல்ல எங்களிடம் இருந்த ஒரே வழி அதுதான். இதே பாய் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபோது அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இப்போது என் வீட்டுக்குள், அவர் உட்காரப்போகிற நேரத்தில், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஒரு டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. கணினி எழுந்துவிடுமே என்று.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அதை எழுதாவிட்டால் இந்தக் கோப்பு பூர்த்தியாகாது.

எழுத்துப் பிழைக்கு ஒரு நேர் வழி உண்டு. பழைய கைப்பதிவேட்டின் நகலையும் மூலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நேரில் போய், இது தட்டச்சுப் பிழை, உரிமை மாற்றமல்ல என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், அளவை வேண்டாம், விசாரணை வேண்டாம். சில நாள் வேலை. நான் போட்ட மனு 'பெயர் மாற்றம்' என்ற தலைப்பில் பெரிய வரிசையில் நின்றுகொண்டிருந்தது. போடும்போது கவனப்பிசகு. சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் எழுமலைக்காரர்கள் கதையைத் தொடங்கினார். சொல்லவில்லை. அப்படியே ஆறு மாதம்.

வியாழக்கிழமை கோரிப்பாளையத்துக்கு நடந்தேன். பக்கம்தான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அவர் கடைக்குப் போனதில்லை என்பது சிக்னலைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. கல்லாவில் மூத்த மகன். பின்னால், நைலான் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே, பாய்.

"வாங்க சார்," என்றார். ஸ்டூலைக் காட்டினார். மகன் பக்கத்துக் கடையில் டீ சொன்னார்.

"நான் அன்னைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"எப்பிடி?"

"காத்திருக்க வேண்டியதில்லைன்னு."

அவர் ஒரு கயிற்று நுனியை எடுத்துப் பிரிந்த இழைகளைத் திருகினார். "சொன்னதுல தப்பு என்ன? வேல முடிஞ்சுது, சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி பழைய கவுண்டருக்குப் போயிருச்சு. ரெண்டு நாளு கோவம். அப்பறம் வெக்கம். என்ன சாக்குச் சொல்லி வர்றதுன்னு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இறங்கி வந்துவிட்டார். நான் மற்றதையும் சொன்னேன். நேர் வழி ஒன்று உண்டு என்பதை. எனக்கு எப்போது தெரியும் என்பதை.

திருகிக்கொண்டிருந்த கை நின்றது. மகன் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஆறு மாசமா?"

"ஆமா."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் கையைக் காட்டி அடக்கினார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு ஜும்மா. சனிக்கெழம ஆபீசு லீவு. திங்கக்கெழம காலைல பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. பத்திரத்த எடுத்துட்டு வாரேன்," என்றார்.

திங்கட்கிழமை போனோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம்; பத்திரப் பையை அவர் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். எழுதிக் கொடுக்க வேண்டிய பக்கத்தை நான் எழுதினேன். தாலுகா ஆபீசில் ஒரு பெண் எழுத்தர் பழைய நகலையும் கணினியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஒரு எழுத்துத்தானே, இதுக்கா இம்புட்டு நாளு?" என்று கேட்டார். பாய் என் பக்கம் திரும்பவில்லை. "எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார். அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லை நான் வீடுவரை கொண்டுவந்தேன்.

அந்த வாரமே பெயர் திருந்தியது. மகன் கைப்பேசியில் பட்டாவின் படத்தை அனுப்பினார். பாயின் அத்தா தன் சொந்த எழுத்துகளோடு இருந்தார். மனுவின் நிலையைப் பார்க்க இனி யாரும் வரத் தேவையில்லை. நான் பத்து மணிக்குக் கணினியைப் போடுவதை விட்டேன். கடைக்குப் போகவும் கால் வரவில்லை. போய் என்ன சொல்வது? எந்தக் காரியத்துக்கு என்ன படிவம் என்று தெரிந்தவனுக்கு, காரியமே இல்லாமல் ஒரு ஆளைப் பார்க்கப் போவது எப்படி என்று தெரியவில்லை. நாட்கள் அவை பாட்டுக்குப் போயின. ஒரு ஞாயிறு மகள், "வேற யார்கூடயாச்சும் பேசுறீங்களாப்பா?" என்று கேட்டாள். லைன் சரியில்லை என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவர் படியேறி வந்தார். நான் அவசரமாகக் கணினி பக்கம் திரும்பினேன்.

"எதுக்கு அதப் போடுறீங்க?"

"சும்மா…"

"வேண்டாம், விடுங்க."

டீ போட்டேன். எதிரெதிராக உட்கார்ந்தோம். பார்க்க ஒரு திரையில்லாமல் கண்ணை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மழை பற்றிக் கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது. டம்ளர் காலியானது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ரேஷன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல எனக்கு மூணு வயசு கூடப் போட்டுருக்கான். ரொம்ப நாளாவே இருக்கு. இதத் திருத்த என்னண்ணே வழி?"

குத்திக்காட்டுகிறாரா, சாக்குக் கொண்டுவந்திருக்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தேன். இரண்டு வழி இருந்தது. இணையத்தில் போட்டால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. நேரில் போனால் அநேகமாக ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டையும் சொன்னேன். எதற்கு என்ன சான்று, எந்த ஆபீஸ், எந்தக் கிழமை என்று ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி, கீழே கோடு போட்டு, அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார். நாலாக மடித்து, அட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"எந்த வழின்னு யோசிச்சுச் சொல்றேன்ணே," என்றார்.

வாசல்வரை போனேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவர் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.